நாற்காலியைப் பிடிக்காமல் எழ முடிகிறதா?

கேள்வி: எனக்கு வயது 58. முதுமையைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளையும் முகப்பூச்சுகளையும் ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். உடற்பயிற்சி செய்யும் வயதெல்லாம் கடந்துவிட்டது. முதுமையின் வேகம் பரம்பரையைப் பொறுத்தது என்றும் சொல்கிறார்கள். வேறு எதை வாங்கினால் பலன் கிடைக்கும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் மாத்திரைகளைப் பற்றி எழுதியதைவிட, போகிற போக்கில் எழுதிய ‘உடற்பயிற்சி செய்யும் வயதெல்லாம் கடந்துவிட்டது’ என்ற வரிதான் என்னை வருத்தியது. அது உண்மையில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த, சராசரி வயது 90 ஆன 10 பேருக்கு, மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரின் குழு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. முடிவுகள் 1990-இல் வெளியாயின. பயிற்சியை நிறைவு செய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. கைத்தடியின்றி நடக்க முடியாதிருந்தவர்களில் இருவர் தடியை விட்டுவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்து நின்றார். தொண்ணூறில் தசை வளரும் என்றால், 58-இல் வயது கடந்துவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டுவது சரியா?

முப்பதுகளிலிருந்தே தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பின் அந்தத் தேய்வு வேகம் பிடிக்கிறது. இது இயற்கை. ஆனால் நாம் முதுமையின் கணக்கில் எழுதும் தளர்ச்சியில் பெரும்பகுதி, உடலை உழைக்கவிடாததால் வருவது. 1966-இல் டல்லஸ் நகரில் 20 வயதுடைய, நல்ல உடல்நலமுள்ள இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய உடலின் உழைக்கும் திறனை இடைப்பட்ட 30 ஆண்டு வயதைவிட அதிகமாகக் குறைத்திருந்தது தெரிய வந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், ஐம்பது வயதில் அவர்கள் தங்கள் இருபது வயதின் திறனுக்குத் திரும்பினார்கள்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். என் தந்தை ஒரு காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்திருந்தார். காய்ச்சல் விட்டதும், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இரு கைகளாலும் மெத்தையை அழுத்தி, தொடை நடுங்க, மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தார். ‘வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்’ என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். இயன்முறை மருத்துவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை உட்கார்ந்து எழச் சொன்னார், வாரம்தோறும் எண்ணிக்கையைக் கூட்டினார். மூன்றாம் மாதம் அப்பா தனியாக மாடிப்படி ஏறினார்.

பரம்பரையைப் பற்றிக் கேட்டீர்கள். டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்து நடந்து 1996-இல் வெளியான ஆய்வு, மனிதருக்கு மனிதர் ஆயுள் வேறுபடுவதில் ஏறத்தாழக் கால் பங்குக்குத்தான் பரம்பரையைக் காரணமாகக் கண்டது. எஞ்சியதில் எல்லாமே நம் கையில் இல்லை. ஆனாலும் கணிசமானது இருக்கிறது.

முகப்பூச்சைப் பொறுத்தவரை, சுருக்கத்தை ஆழமாக்குவதில் வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. சன்னலோரம் இருந்த இடக் கன்னம் தடித்து, ஆழமான வரிகளோடு தொங்குகிறது. வலக் கன்னம் அவ்வளவு கெடவில்லை. முகம் ஒன்று, வயதும் ஒன்று. கண்ணாடியை ஊடுருவி வரும் புற ஊதாக் கதிர்களே காரணம். வெயிலைத் தடுக்கும் பூச்சு பயன்படும். மற்றவற்றுக்குச் செலவிடும் முன் ஒரு தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

நீங்கள் புகைப்பவரா என்று எழுதவில்லை. புகைப்பவரானால், மற்ற எதற்கும் முன் அதை நிறுத்துங்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 60 வயதில் புகையை விட்டவர்களுக்கும் சுமார் 3 ஆண்டு ஆயுள் மிஞ்சியது. 50-இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டு.

மாத்திரைகளுக்கு வருகிறேன். முதுமையின் வேகத்தைக் குறைப்பதாக மனிதர்களிடம் உறுதியாக நிறுவப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. அவற்றை நிறுத்துவதால் உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. ஆனால் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்தவை வேறு; அவற்றை என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

உலக சுகாதார அமைப்பு வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும்படியான நடையும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நடையை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தேய்கிற தசைக்கு அதுதான் மருந்து. வேளைதோறும் போதிய புரதமும் இரவில் ஏழு மணி நேரத் தூக்கமும் சேர்ந்தால்தான் பயிற்சி உடலில் ஒட்டும். இதயக் கோளாறோ மூட்டுவலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். நாளைக் காலை கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 வினாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழ முடிகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு மீண்டும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.