அம்பாந்தோட்டைக் கேள்வியில மதிப்பெண் எங்கே போச்சு?

இலங்கையோட தெற்குக் கரையில இருக்கிற அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை வெச்சு இந்தியா-சீனா போட்டி பத்திக் கேட்ட கேள்விக்கு, "கடன் கட்ட முடியாததால் துறைமுகத்தைச் சீனா எடுத்துக்கொண்டது"ன்னு எழுதியிருக்கீங்க. பாதி மதிப்பெண் போனது அந்த வரியிலதான் தம்பி. 2017-ல நடந்தது சீன நிறுவனத்துக்குக் குடுத்த 99 வருஷக் குத்தகை. வந்த 112 கோடி டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போச்சு. துறைமுகம் கட்ட வாங்கின கடன் இலங்கை தலையிலேயே நின்னுது.

இந்தியா, சீனா ரெண்டு பேரும் இழுக்கிற கயிறா மட்டும் இலங்கையைப் பார்த்திருக்கீங்க போல. கொழும்பும், அதாவது இலங்கை அரசும், பேரம் பேசுது. 2022 ஆகஸ்ட்ல டெல்லி முகம் சுளிச்சும் சீனாவோட யுவான் வாங் 5-ங்கிற கண்காணிப்புக் கப்பலை அம்பாந்தோட்டைக்குள்ளே விட்டாங்க. அதே வருஷம் இந்தியாகிட்ட சுமார் 400 கோடி டாலர் உதவியும் வாங்கினாங்க. 2024-ல வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவும் வேண்டாம்னு ஒரு வருஷம் நிறுத்தியும் வெச்சாங்க.

ஒரு சோதனை: உங்க விடையில ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாயை பென்சிலால அடிக்கோடு போடுங்க. "கொழும்பு" ஒரு இடத்துலயும் வரலைன்னா திருப்பி எழுதுங்க.

உங்க ஊர் திருவொற்றியூர்னு சொன்னீங்க. எண்ணூர் விரைவுச் சாலையில ராத்திரி வரிசை கட்டி நிக்கிற டிரெய்லருங்களைப் பார்த்திருப்பீங்களே, நம்ம சரக்குப் பெட்டிங்க நிறைய கொழும்புத் துறைமுகத்துலதான் பெரிய கப்பலுக்கு மாறுது. அதையும் ஒரு வரி சேருங்க.

கச்சத்தீவை மட்டும் இதுல இழுக்காதீங்க. 1974 ஒப்பந்தம் ரெண்டு நாட்டுக்கு நடுவுல உள்ள எல்லை விவகாரம். பழைய உதாரணம் வேணும்னா 1987 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தோட சேர்ந்த கடிதங்களை எடுங்க: இந்தியாவுக்குப் பாதகமா எந்த நாட்டு ராணுவத்துக்கும் இலங்கையோட திருகோணமலைத் துறைமுகத்தைத் தரக்கூடாதுன்னு இருக்கு. அப்போ டெல்லிக்கு உறுத்தல் அமெரிக்கா மேல, சீனா மேல இல்ல.