வாசகர் கேள்வி–பதில்: பாஸ்காவுக்கு ஆயத்தமாதல்

கேள்வி: இந்தத் தவக்காலத்தில் விவிலியத்தின் விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக உட்கார்ந்து வாசித்தோம். ஏழு நாள் வீட்டில் புளித்த மாவே இருக்கக்கூடாது என்று அதில் வருகிறது. பெரிய வாரத்தில் தோசைக்கு அரைக்க வேண்டாம் என்கிறார் என் மாமியார். அது யூதர்களுக்குச் சொன்னது என்கிறார் கணவர். இந்த ஆயத்தத்திற்கு நம்மைப் பொறுத்தவரை என்ன பொருள்?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, தோசை மாவின் வழக்கை முதலில் தீர்த்துவிடுவோம். யூதச் சட்டம் விலக்குவது கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களின் மாவு நீர்பட்டுப் புளிப்பதைத்தான். அரிசி அதில் சேராது என்பதே யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதின் அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. ஐரோப்பிய யூதர்கள் பிற்கால வழக்கமாக அரிசியையும் பருப்பு வகைகளையும் தவிர்த்தார்கள் என்றாலும், கீழைநாட்டு யூதர் பலர், எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா விருந்திலேயே சோறு உண்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் மாமியார் தடைசெய்திருக்க வேண்டியது தோசையை அன்று, கோதுமை மாவில் செய்யும் ரொட்டி சானாயை. கிறிஸ்தவர்களுக்கு இரண்டுமே கட்டாய விலக்கல்ல. ஆகவே சட்டப்படி உங்கள் கணவர் சொல்வது சரி; ஆனால் கேள்வியின் உயிர் மாமியாரின் பக்கமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

யூத இல்லங்களில் பாஸ்காவுக்கு முந்தைய இரவு நடப்பதைக் கவனியுங்கள். பல நாள் கழுவித் துடைத்து முடித்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஓர் இறகும் மரக்கரண்டியுமாக அலமாரி இடுக்கிலும் சன்னல் ஓரத்திலும் ரொட்டித் துணுக்குகளைத் தேடுகிறார்கள். தேடல் வெறுங்கையோடு முடியக்கூடாதென்று பத்துத் துண்டுகளை முன்கூட்டியே ஒளித்துவைப்பதும் பலரது வழக்கம். கிடைத்தவற்றை மறுநாள் காலையில் எரிக்கிறார்கள். அப்போது குடும்பத் தலைவர், தம் கண்ணுக்குத் தப்பிய புளித்தமாவு எங்கேனும் இருந்தால் அது உரிமையற்றதாய், மண்ணின் தூசியைப் போல் ஆகட்டும் என்று அரமேய மொழியில் அறிக்கையிடுகிறார். தன்னால் இயன்ற மட்டும் தேடுவது மனிதன் கடமை. தேடியும் அகப்படாததைக் கடவுளிடம் விட்டுவிடுவது அவன் விசுவாசம். நல்ல ஒப்புரவு அருளடையாளத்திற்கு, அதாவது பாவ அறிக்கைக்கு, வேண்டிய மனநிலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் இதே ஆயத்தத்தைத்தான் கையிலெடுக்கிறார். கிறிஸ்துவே நம் பாஸ்கா ஆடாகப் பலியிடப்பட்டுவிட்டதால் பழைய புளிப்புமாவை அகற்றுங்கள் என்கிறார். வரிசையைக் கவனிக்க வேண்டும்: ஆடு பலியிடப்பட்டாயிற்று, அதனால் வீட்டைத் துப்புரவாக்குங்கள் என்கிறாரே தவிர, வீடு துப்புரவானால்தான் மீட்பு என்று அவர் சொல்லவில்லை. அவர் புளிப்பு என்று பெயரிடுவது தீமையையும் கெட்ட எண்ணத்தையும். அதுவும் தன் நடுவே நடந்த பெருந்தவறைப் பொருட்படுத்தாமல் பெருமை பேசிக்கொண்டிருந்த ஒரு சபையைப் பார்த்துச் சொல்கிறார். நம் வீடுகளில் அது எங்கே கிடக்கும் என்பது அவரவருக்குத் தெரியும். மலேசியத் தீபகற்பத்தின் பாதிக் குடும்பங்களிலாவது தாத்தா விட்டுப்போன நிலத்தின் பேரில் பேச்சு நின்றுபோன ஒரு சித்தப்பாவும், அவரை நீக்கிவிட்ட வாட்சாப் குழு ஒன்றும் இருக்கத்தான் செய்கின்றன.

நீங்கள் வாசித்த விடுதலைப் பயணம் 12-ஆம் அதிகாரத்தில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் ஏற்பாடும் உண்டு: ஓர் ஆட்டை உண்ண முடியாத சிறிய குடும்பம் பக்கத்து வீட்டோடு சேர்ந்து உண்ண வேண்டும். ஆட்டைப் பத்தாம் நாளில் தெரிந்தெடுத்துப் பதினான்காம் நாள்வரை வைத்திருக்க வேண்டும். இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு, காலில் செருப்பு, கையில் கோலுடன் விரைந்து உண்ண வேண்டும். நாள்கணக்கில் ஆயத்தம் செய்து, அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, எழுந்து புறப்படும் கோலத்தில் உண்ணும் உணவு அது. மாமியார் விரும்பியபடியே அந்த வாரம் அரைக்காமல் விடுங்கள். மிச்சமாகும் நேரத்தில், தனியாக இருக்கும் அண்டை வீட்டார் ஒருவரைப் பெரிய வியாழன் இரவு உணவுக்கு அழையுங்கள்.

கேள்வி: எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுவில்) யூத முறைப்படி பாஸ்கா விருந்தை நடித்துக் காட்டலாமா?
– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: படித்து விளக்கலாம், நடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நான்கு கிண்ணங்கள், கசப்புக் கீரை, கண்ணீரை நினைவூட்டும் உப்புநீர், சிறுவர் கேட்கும் கேள்விகள் என்று அமைந்த இன்றைய விருந்து முறை, கி.பி. 70-இல் எருசலேம் கோயில் அழிந்த பின் யூத அறிஞர்கள் வளர்த்தெடுத்தது. அது இன்றும் ஒரு மக்களின் உயிருள்ள வழிபாடு. அவர்கள் நமக்கு அந்நியருமல்லர்: பினாங்கின் நாகூர் சாலையில் 1929-இல் திறந்த தொழுகைக்கூடம் 1976-இல் மூடப்பட்டது, ஜாலான் சைனால் அபிடினில் அவர்களது கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. நமக்கென்று உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு இருக்கிறது; செங்கடலைக் கடந்த வாசகத்தை அந்த இரவில் எக்காரணத்தைக் கொண்டும் விடக்கூடாது என்பது திருவழிபாட்டு விதி. அந்த வாசகத்தை முன்கூட்டியே அன்பியத்தில் வாசித்துப் பேசுங்கள், போதும்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட். பெரிய வெள்ளியும் வேலை, திருவிழிப்பு இரவும் வேலை. மனம் உறுத்துகிறது.
– ஒரு வாசகர், சுங்கை டுவா

பதில்: பெரிய வெள்ளி சபாவிலும் சரவாக்கிலும் மட்டுமே பொது விடுமுறை என்பதால் இந்த வருத்தம் தீபகற்பத்தில் பலருக்கும் உண்டு. எண்ணிக்கை நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை வாசியுங்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டதால் பாஸ்காவில் பங்குபெற முடியாத சிலர் மோசேயிடம் வந்து, நாங்கள் மட்டும் ஏன் விலக்கப்பட வேண்டும் என்று முறையிட்டார்கள். அவர்களுக்கும் தொலைதூரப் பயணத்தில் இருப்போருக்கும் இரண்டாம் மாதம் பதினான்காம் நாளில் பாஸ்கா கொண்டாடும்படி கடவுள் வழிசெய்தார். வாய்ப்பிருந்தும் அலட்சியமாக விட்டவனைத்தான் சட்டம் கடிந்தது. நீங்கள் ஞாயிறு காலையோ மாலையோ திருப்பலிக்குச் செல்லுங்கள். உயிர்ப்புக் காலம் ஐம்பது நாள் நீள்கிறது. சனிக்கிழமை இரவு உணவு இடைவேளையில் செங்கடலைக் கடந்ததைச் சொல்லும் விடுதலைப் பயணம் 14-ஐக் கைப்பேசியில் வாசித்துவிடுங்கள்; இஸ்ரயேலரும் அந்த இரவைத் தூங்கிக் கழிக்கவில்லை.