ஆச்சி, வைரத்தோட்டை அடகு வெக்காதீங்க

செட்டிநாட்டுக் கண்டனூர்லேர்ந்து ஒரு ஆச்சி பையனோட என்கிட்ட யோசனை கேக்க வந்தாங்க, பிளஸ் டூ முடிச்சிருக்கான், கட் ஆஃப் சுமார்தான். "சென்னைல ஏஐ டேட்டா சயின்ஸ் சீட்டு, மேனேஜ்மெண்ட் கோட்டாவுல வாங்கித் தர்றேன்னு சொல்றாக தம்பி, என் வைரத்தோட்டை வெச்சுடலாமா"ன்னு கேட்டாங்க. பங்காளி வீட்டுப் பிள்ளை அதுதான் படிக்கிதாம். கவலைப்படாதீங்க ஆச்சின்னு ஆரம்பிச்சவன் தோடுன்னதும் நிறுத்திட்டேன். வேணாம், வெக்காதீங்க. பங்காளி வீட்ல வட்டி கட்ட வரமாட்டாக.

பையன் வாயே திறக்கல, என் அலமாரில கிடந்த பழைய சிஸ்கோ நெட்வொர்க் சுவிட்சையே (கம்ப்யூட்டரையெல்லாம் ஒண்ணா இணைக்கிற பெட்டி) பாத்துட்டு இருந்தான். அந்தப் பெட்டியோட செட்டிங்குக்குள்ள நேரா நுழையற யூஎஸ்பி கன்சோல் கேபிளையும் லேப்டாப்பையும் குடுத்து, உள்ள போய்க் காட்டு தம்பின்னேன். கேபிளோட ஒரு முனை நெட் கேபிள் மாதிரியே இருக்கும், அதனால முதல்ல சாதா போர்ட்ல சொருகிட்டான், அப்புறம் பின்னாடி திருப்பி கன்சோல்னு எழுதினதைத் தேடிப் பிடிச்சான். லேப்டாப் கேபிளைக் கண்டுபிடிச்சு டிவைஸ் மேனேஜர்ல காம் 5ன்னு காட்டுச்சு (போலி சிப் போட்ட கேபிளா இருந்தா இங்கயே மஞ்சள் முக்கோணம் வந்து கழுத்தறுக்கும்). சுவிட்சோட பேசுற 'புட்டி'ங்கிற சாஃப்ட்வேர்ல சீரியல், ஸ்பீடு 115200ன்னு போட்டான், எங்கயோ வீடியோல பாத்தானாம். ஸ்க்ரீன் பூரா கிறுக்கல். "கெட்டுப்போச்சாப்பா"ன்னு ஆச்சி பதறிட்டாங்க. அவன் பதறல, ஸ்பீடு ஒத்துப்போகலன்னு 9600க்கு மாத்தினான், மத்த செட்டிங்கையும் பாத்து டேட்டா பிட் 8, பேரிட்டி இல்ல, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோலையும் எடுத்துட்டு ஒரு என்டர் தட்டினான். சுவிட்ச் பேர் வந்து நின்னுச்சு. பையன் முகத்தைப் பாக்கணுமே.

புதுப் பெட்டிக்கு ஐபியே (நெட்வொர்க்ல அதோட முகவரி) இருக்காது, இல்ல யாராவது தப்பா கட்டளை போட்டு நெட்வொர்க் மொத்தமா படுத்திருக்கும், அப்ப பெரும்பாலும் தூரத்துலேர்ந்து உள்ள போக வழி கிடையாது, ஆளே கேபிளோட நேர்ல போய் நிக்கணும். கிளவுடு எவ்வளவு வந்தாலும் அந்தப் பெட்டி எங்கயோ ஒரு ரேக்ல இருக்கத்தானே செய்யுது. இந்த நெட்வொர்க் வேலைக்குப் போறேன்னு ஒரு சொந்தக்காரரும் கல்யாண வீட்ல பெருமையாச் சொல்ல மாட்டாரு, அது வேற.

பிளஸ் டூல கணக்கு, சயின்ஸ் எடுத்தவன் பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், காரைக்குடிலயே இருக்கு, வீட்டுச் சாப்பாடு. முடிச்சிட்டு ஆசை இருந்தா பி.இ. ரெண்டாம் வருஷத்துல போய்க்கலாம். இந்த வேலைக்கு சிஸ்கோ குடுக்கிற சிசிஎன்ஏ சான்றிதழ் பரீட்சை 300 டாலர், அதை இப்பக் கட்டவே கட்டாதீங்க, கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் கட்டிப் பழகுற பாக்கெட் ட்ரேசர் சாஃப்ட்வேர் இலவசம், அதுல ஒரு வருஷம் உருளட்டும். ஆரம்பத்துல சம்பளம் கம்மிதான், பைக்ல அலையணும், ராத்திரி போன் வரும், அதையும் அவன் முன்னாடியே சொல்லிட்டேன், தலையை ஆட்டினான்.

"எங்க வீட்ல யாரும் இப்படி எடுபிடி வேலைக்குப் போனதில்லையே தம்பி"ன்னாங்க. ஏன் ஆச்சி, உங்க ஐயா காலத்துல பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதான் தொழில் பண்ணப் போனவுகள்ல நெறையப் பேரு கடைல எடுபிடி பாக்குற பெட்டியடிப் பையனாத்தானே சேர்ந்தாக, எடுத்ததும் முதலாளியாவா போய் இறங்கினாகன்னு கேட்டேன். சிரிச்சிட்டாங்க, சரின்னு மட்டும் இன்னும் சொல்லல.

சுவிட்சை அவன்கிட்டயே குடுத்தனுப்பிட்டேன். ஃபேன் பேய்ச் சத்தம் போடும், ராத்திரில வீட்டு வளவுல வெச்சு ஆன் பண்ணிடாதடான்னேன்.