தாமஸ் சால்மர்ஸ் யார்? 1843இல் அவர் ஸ்காட்லாந்து அரசுத் திருச்சபையை விட்டு ஏன் வெளியேறினார்?

சால்மர்ஸ் (1780–1847) ஸ்காட்லாந்தின் போதகர், இறையியல் பேராசிரியர். கில்மனி என்ற சிற்றூரில் போதகரானபோது அவர் மனம் கணிதத்தில்தான் இருந்தது. சபை வேலை முடிந்தபின் போதகருக்கு வாரத்தில் ஐந்து நாள் ஓய்வு கிடைக்கும் என்று 1805இல் துணிந்து எழுதியவர்! கடும் நோய்க்குப் பிறகு ஆள் மாறிப்போனார். 1815இல் கிளாஸ்கோவுக்குச் சென்று, ஏழைகள் நிறைந்த பகுதியைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதவிக்காரரை நியமித்தார். பிறகு பேராசிரியப் பணி.

1843இன் பிரிவுக்குக் காரணம் 'புரவலர் உரிமை'. ஒரு சபைக்கு யார் போதகர் என்பதை அப்பகுதி நிலக்கிழாரோ அரசோ முடிவு செய்யும் உரிமை அது. குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரை, அங்கே குடியிராத பழைய மனைக்காரர் நியமிப்பதைப் போல. சபையார் மறுக்கலாம் என்று திருச்சபை 1834இல் விதி செய்தது. நீதிமன்றங்கள் அதைச் செல்லாதென்றன.

1843 மே 18 அன்று எடின்பரோவில் கூடிய திருச்சபைப் பேரவையிலிருந்து எதிர்ப்பாளர்கள் எழுந்து, டான்ஃபீல்டு மண்டபத்துக்கு ஊர்வலமாக நடந்தார்கள். 450க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளம், வீடு, ஆலயம் மூன்றையும் விட்டார்கள். புதிய சுதந்திரத் திருச்சபையின் முதல் தலைவர் சால்மர்ஸ். வாரம் ஒரு பென்னி என்று சாதாரண மக்களிடம் திரட்டிய பொதுநிதியே போதகர்களைத் தாங்கியது. என் பார்வையில், வெளிநடப்பைவிட இந்த ஏற்பாடே அவரது பெரிய சாதனை.

அரசு திருச்சபையை ஆதரிப்பதையே அவர் எதிர்த்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அந்த ஆதரவை அவர் கடைசிவரை வரவேற்றார், சபையின் ஆன்மிக விவகாரங்களில் அரசு தலையிடுவதைத்தான் மறுத்தார்.