வாசகர் கேள்வி: ஸ்டுடியோவில் தொப்பி நாதம் எங்கே போகிறது?

கேள்வி: நானும் நண்பரும் மாடியில் 10-க்கு 12 அடி அறையில் ஸ்டுடியோ நடத்துகிறோம். அவர் மிருதங்கம், நான் கீபோர்டும் மிக்ஸிங்கும். சுவர் முழுக்க முட்டை அட்டையும் ஃபோமும் ஒட்டியாயிற்று. ஆனாலும் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை மங்கலாகக் கேட்கிறது, கீழ் நாதம் தரும் இடப்பக்கமான தொப்பி அறைக்குள் குமுறுகிறது. இரண்டு மைக் வைத்துப் பதிந்தால் தொப்பியே மெலிந்துபோகிறது.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் மேல் அலைவரிசையை மட்டும்தான் உறிஞ்சும். வலந்தலையின் பளிச்சென்ற ஓசை அங்கேதான் இருக்கிறது. கீழ் நாதத்தை அவை தொடுவதே இல்லை. 12 அடி நீளத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸும், 10 அடி அகலத்தில் சுமார் 56 ஹெர்ட்ஸும், இவற்றின் மடங்குகளும் சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். அதுதான் குமுறல்.

முட்டை அட்டையைக் கழற்றிவிடுங்கள். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வுல் (பாறையிழைப் பஞ்சுப் பலகை), 4 அங்குலக் கனத்தில், மரச்சட்டத்தில் அடைத்து நான்கு மூலைகளிலும் குறுக்காகத் தரையிலிருந்து கூரை வரை நிறுத்துங்கள். போர்த்தும் துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் போனால் சரி, ரெக்ஸின் ஆகாது. அறுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். வாசிப்பவர் அறையின் நட்டநடுவில் உட்கார வேண்டாம். ஒரு சுவரிலிருந்து நாலு அடி தள்ளி உட்காரட்டும்.

அடுத்தது மைக். வலந்தலையில் அடித்ததும் அந்தத் தோல் உள்ளே போகிறது. கட்டைக்குள் அடைபட்ட காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்கை விட்டு ஒரு தோல் விலகும் அதே கணத்தில், மற்ற மைக்கை நோக்கி இன்னொரு தோல் வருகிறது. இரண்டையும் கூட்டினால் கீழ் நாதம் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டு மைக்கையும் தோலிலிருந்து ஓர் அடியில், சம தூரத்தில் வையுங்கள். பிறகு மோனோவில் (இரண்டையும் ஒரே தடத்தில் கூட்டி) கேட்டபடி, தொப்பி மைக்கின் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை, அதாவது வட்டத்தில் சாய்கோடு போட்டதை, அமுக்கிப் பாருங்கள். எதில் கனம் கூடுகிறதோ அதுவே சரி. 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் பதிந்தால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள்: தொப்பித் தோலின் நடுவில் ஒட்டும் ரவைப் பசை. ஏசி அறையில் அது சீக்கிரம் காயும். ஈரம் போய் எடை குறையக் குறையத் தொப்பியின் சுருதி மேலேறும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) மட்டும் திருத்திப் பதிந்தால் ஒட்டாமல் நிற்பது அதனால்தான். தொடக்கத்திலேயே சில தனி அடிகளைப் பதிந்து வைத்து, திருத்துமுன் அவற்றோடு ஒப்பிட்டு, ரவையைத் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் வீணை பதியும்போது 'ர்ர்ர்' என்று இரைகிறது.

பதில்: முதலில் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். சுற்றிச் சுற்றி வேகம் மாற்றும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும். வீணையின் தந்தி அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப் அதை வாங்கிக்கொள்ளும். படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் போடுங்கள். கரண்ட் போன நேரத்தில் மட்டும் இரைந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். சைன்வேவ் வகைதான் வேண்டும். இரைச்சல் நிற்க எர்த் கம்பியைக் கழற்றும் வேலை மட்டும் கூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

கேள்வி: இருவரும் சேர்ந்து மெட்டமைக்கிறோம். மொத்தமாகப் பணம் கொடுத்தவர், ராயல்டி கிடையாது என்கிறார்.

பதில்: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, மெட்டின் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் அதை மாற்றலாம். இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களுக்கான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் இருவரும் தனித்தனியே உறுப்பினராகுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள். நண்பர் வாசிக்க மட்டும் செய்த பாட்டுகளில் அவர் இசையமைப்பாளர் அல்ல, கலைஞர்; அந்த உரிமை வேறு. அந்தப் பாட்டுகளைத் தனித் தாளில் குறியுங்கள்.