டெலவேரில் வயலின் வாங்கினால் வரி மிச்சமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். எங்கள் 12 வயது மகள் கர்நாடக சங்கீத வயலின் கற்கிறாள். முக்கால் அளவு வயலின் இனிப் போதாது, முழு அளவு வாங்குங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். பிடித்த வயலின் 4,200 டாலர். "டெலவேர் போய் வாங்குங்கள், அங்கே சேல்ஸ் டாக்ஸே கிடையாது, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார்கள் நண்பர்கள். இது சட்டப்படி சரியா? நியாயமா? போன வருடம் அங்கே 1,400 டாலருக்கு ஒரு கீபோர்டு வாங்கி வந்தோம். வருமான வரிப் படிவத்தில் அதைக் காட்டவில்லை. அதுவும் உறுத்துகிறது.

பதில்: டெலவேர் போய் வாங்கலாம், அதில் தவறில்லை. கடைக்காரர் வரி கேட்காததும் சரிதான். ஆனால் வயலினோடு ஊர் திரும்பியதும் அதற்கான வரி உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. நண்பர்கள் சொல்லாமல் விட்டது இந்தப் பாதியைத்தான்.

நியூ ஜெர்சியில் விற்பனை வரி 1966-ல் வந்தபோதே யூஸ் டாக்ஸ் எனப்படும் பயன்பாட்டு வரியும் கூடவே வந்தது. வெளியே வரியில்லாமலோ குறைந்த வரியிலோ வாங்கிய பொருளை இங்கே கொண்டுவந்து பயன்படுத்தினால், அந்த வித்தியாசத்தை வாங்கியவரே கட்ட வேண்டும். விகிதம் விற்பனை வரியின் அதே விகிதம்: 2018 முதல் 6.625 சதவீதம். உங்கள் வயலினுக்கு 278 டாலர் 25 சென்ட். இதே வயலினைப் பென்சில்வேனியாவில் 6 சதவீதம் கட்டி வாங்கியிருந்தால், அந்த வரி கழிந்து மீதி 0.625 சதவீதம், அதாவது 26 டாலர் 25 சென்ட் மட்டும் பாக்கி. டெலவேரில் கட்டியது ஒன்றுமில்லை, ஆகவே கழிக்கவும் ஒன்றுமில்லை.

கட்டுவது சுலபம். என்ஜே-1040 என்ற மாநில வருமான வரிப் படிவத்திலேயே யூஸ் டாக்ஸுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 1,000 டாலருக்குக் குறைவான சாமான்களுக்கு பில் இல்லாவிட்டால், உங்கள் வருமானத்தை வைத்து ஒரு அட்டவணைப்படி மதிப்பிட்டுக் கட்ட அனுமதி உண்டு. 1,000 டாலரும் அதற்கு மேலும் உள்ளதற்கு பில்படிச் சரியான தொகை போட வேண்டும். வயலின் இந்த இரண்டாவது வகை. வருமான வரிப் படிவத்தோடு கட்ட விரும்பாதவர்கள் எஸ்டி-18 என்ற தனிப் படிவத்தில் கட்டலாம்.

நியாயமா என்ற கேள்விக்கு விடை அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. வாங்கியது ஒன்றுமில்லை என்றால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடச் சொல்கிறார்கள். 4,200 டாலர் வயலினை வீட்டில் வைத்துக்கொண்டு பூஜ்யம் போட்டு, கீழே "உண்மை" என்று கையெழுத்திடும் அந்த நொடியில்தான் தவறு நடக்கிறது. வரி ஆலோசகரோ மென்பொருளோ தானாகப் பூஜ்யம் நிரப்பியிருந்தாலும் கையெழுத்து உங்களுடையதுதான். எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் மகள் படிக்கும் பள்ளி நடப்பதும் மாநிலம் வசூலிக்கும் வரிப்பணத்தையும் நம்பித்தான். நீங்கள் கட்டாத 278 டாலரை யாரோ ஒருவர் கட்டியாக வேண்டும்.

அடுத்த படி இதைவிட மோசம். டெலவேரில் இருக்கும் நண்பர் முகவரிக்கு அனுப்பச் சொல்வது, பில்லில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வது, பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு வெறும் பெட்டியை வெளிமாநிலத்துக்கு அனுப்பச் சொல்வது. இவை பொய் ஆவணங்கள், கடைக்காரரையும் குற்றத்துக்குள் இழுப்பவை. டைகோ நிறுவனத் தலைவராக இருந்த டென்னிஸ் கோஸ்லோவ்ஸ்கி மீது 2002-ல் நியூயார்க்கில் வழக்குப் பாய்ந்தது இப்படித்தான்: ஓவியங்கள் நியூயார்க் வீட்டுக்குப் போக, வெறும் பெட்டிகள் விற்பனை வரியே இல்லாத நியூ ஹாம்ப்ஷயருக்குப் போயின என்பது குற்றச்சாட்டு. வயலின் வாங்குவோருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாத்தியத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கேட்கப்படுவது அந்த பில்தான். 2,500 என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு 4,200 டாலர் இழப்பீடு கேட்க முடியாது.

ஆன்லைனில் வாங்கினால் வரி வராது என்பதும் பழைய கதை. தெற்கு டகோட்டா எதிர் வேஃபேர் வழக்கில் 2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்குள் கடை இல்லாத விற்பனையாளரிடமும் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து நியூ ஜெர்சி அதை நடைமுறைப்படுத்துகிறது. ஆகவே பெரிய கடைகள் உங்கள் முகவரிக்கு அனுப்பும்போது வரியைச் சேர்த்துத்தான் பில் போடும். வருடத்துக்குச் சில வயலின்கள் மட்டும் விற்கும் சிறு தயாரிப்பாளர் வசூலிக்காமல் விடலாம். அப்போதும் யூஸ் டாக்ஸ் உங்கள் பொறுப்பு. சென்னையிலிருந்து கொண்டுவரும் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இதே விதிதான். விமான நிலையத்தில் சுங்கத்துக்குக் கிடைக்கும் விலக்கு வேறு, மாநில வரி வேறு.

இனி, நேர்வழியில் வரியைக் குறைப்பது எப்படி என்று பார்ப்போம். உங்கள் கையில் இருக்கும் முக்கால் வயலின்தான் முதல் வழி. அதைக் கடையிலேயே டிரேட்-இன் கொடுங்கள். கடை அதை மறுவிற்பனைக்கு எடுத்துக்கொண்டால், அதன் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் நியூ ஜெர்சியில் வரி. 1,200 டாலர் கழிந்தால் 3,000-க்கு வரி 198 டாலர் 75 சென்ட். மிச்சம் 79 டாலர் 50 சென்ட். கழிவைப் புதிய வயலின் வாங்கும் அதே பில்லில் காட்டச் சொல்லுங்கள். பழையதை முதலில் காசாக்கிவிட்டு மறுவாரம் புதியதை வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. ஜெர்சி சிட்டி, எலிசபெத், பெர்த் அம்பாய் போன்ற ஊர்களில் அர்பன் என்டர்பிரைஸ் ஸோன் என்ற திட்டத்தில் சேர்ந்த கடைகளில் வரி பாதிதான்: 3.3125 சதவீதம். டெலவேருக்குப் பக்கத்தில் இருக்கும் சேலம் கவுண்டிக் கடைகளுக்கும், எல்லை தாண்டிப் போகும் வியாபாரத்தைத் தக்கவைக்க, இதே பாதி வரிச் சலுகை உண்டு. ஸோன் ஊர்களில், கடை ஊருக்குள் இருந்தால் மட்டும் போதாது, அது திட்டத்தில் பதிவுபெற்றிருக்க வேண்டும், நீங்கள் நேரில் போய் வாங்க வேண்டும். போனில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 4,200-க்கு வரி 139 டாலர் 13 சென்ட்தான் வரும், பிறகு யூஸ் டாக்ஸ் எதுவும் இல்லை.

மூன்றாவது, தனிநபரிடம் பழைய வயலின் வாங்குவது. வியாபாரி அல்லாத ஒருவர் தன் சொந்த வாத்தியத்தை விற்றால் நியூ ஜெர்சியில் வரி இல்லை. கடை கமிஷனுக்கு விற்றுக் கொடுக்கும் பிறர் வயலின் இதில் சேராது, அங்கே விற்பது கடைதான். தனிநபரிடம் வாங்குமுன் வயலின் செப்பனிடும் ஒருவரிடம் காட்டி, மேல்பலகையில் சவுண்ட் போஸ்ட் (வயலினுக்குள் நிற்கும் சின்ன மரக்குச்சி) நிற்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு விரிசல் வயலின் விலையில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும்.

வரியைத் தாண்டி இன்னொரு நியாயமும் இருக்கிறது. உள்ளூர்க் கடையில் நான்கைந்து வயலினைக் கம்பி ஏற்றி, ஸ-ப-ஸ-ப சுருதி கூட்டிப் பார்த்து, ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய் ஆசிரியையிடம் காட்டிவிட்டு, கடைசியில் வேறு மாநிலத்தில் வாங்குவது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அந்தக் கடைக்காரரின் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொண்டதாகும். விலை குறையுமா என்று அவரிடமே வாய்விட்டுக் கேளுங்கள்.

அவர் பக்கத்தில் இருப்பது உங்களுக்கும் தேவை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டுபோகும். மரம் சுருங்கும், கம்பியை முறுக்கும் பிரடை நழுவும், பலகைகள் ஒட்டிய ஓரம் பிளக்கும், கம்பிகளைத் தாங்கும் குதிரை சாயும். நான்கு கம்பிகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் உள்ளே சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடலாம். அதைத் திரும்ப நிறுத்த வீட்டில் முயலக் கூடாது. கர்நாடக சங்கீதத்துக்குச் சுருதியை இறக்கி வைப்பதால் கம்பியின் இழுவை குறைகிறது, குதிரையும் கம்பியும் அதற்குத் தோதாக இருக்கிறதா என்று மகள் வாசிக்கும் சுருதியிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். இந்தச் சரிசெய்தல் ஒரே தடவையில் அமையாது. ஒவ்வொரு முறையும் டெலவேர் போய்வர அரை நாள், பெட்ரோல், டெலவேர் மெமோரியல் பாலத்தின் டோல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கேஸுக்குள் ஒரு சின்ன ஈரமானி வைத்தால் போதும்.

கீபோர்டு விஷயம்: 1,400-க்கு வரி 92 டாலர் 75 சென்ட். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் எஸ்டி-18 படிவத்தில் வாங்கிய தேதி, விலை, விற்ற கடை ஆகியவற்றை எழுதிக் கட்டிவிடுங்கள். தாமதத்துக்கு வங்கிகளின் பிரைம் வட்டி விகிதத்தோடு 3 சதவீதம் சேர்த்து வட்டி உண்டு, அபராதமும் சேரலாம். இந்தத் தொகைக்கு அது பெரிதாக வராது, ஆனால் மாதத்துக்கு மாதம் வளரும். பில்லின் நகல், கட்டியதற்கான அத்தாட்சி இரண்டையும் அந்த வருடத்து வரிக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.