ரத்தமும் பருந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலையை விட்டுவிட்டு ஊரில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இன்குபேட்டரில் பொரித்த 40 குஞ்சுகளை மூன்றாம் வாரம் வெளியே விட்டேன். முதலில் காக்கை பறந்தாலே ஓடி ஒளிந்தன. இப்போது பருந்து வட்டமடித்தாலும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆறு குஞ்சு போய்விட்டது. எதிரியை அறிவது ரத்தத்திலேயே இருக்கவேண்டியது அல்லவா? கலப்பினமாகி ரத்தம் கெட்டுவிட்டதா? மேலே வலை போடட்டுமா, தானாகக் கற்றுக்கொள்ளுமா?

எஸ்., தாராபுரம்

அன்புள்ள எஸ்.,

கடிதத்தின் பின்பாதியை வெட்டிவிட்டேன். வேலையை விட்டது சரியா என்பதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள். கலப்பினத்தைப் பற்றியும் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த ‘ரத்தம்’! அதைப் படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது, தம்பி. விளங்காத எதையும் ரத்தத்தில் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். கோழியையாவது விட்டுவைக்கக் கூடாதா?

நீங்கள் பார்த்ததை அறிஞர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். 1937இல் ஆஸ்திரியாவின் ஆல்டன்பெர்க்கில் லோரன்ஸும் டின்பெர்கனும் ஒரு அட்டை உருவத்தைப் பறவைக் குஞ்சுகளின் தலைக்கு மேல் ஓடவிட்டார்கள். ஒரு பக்கம் நகர்ந்தால் கழுத்து குட்டையான பருந்து, மறுபக்கம் நகர்ந்தால் கழுத்து நீண்ட வாத்து. பருந்துக்குத்தான் மிரட்சி அதிகம் என்றார்கள். ரத்தக் கட்சிக்கு அது நல்ல தீனி. 1961இல் ஷ்லைட் என்பவர் வான்கோழிக் குஞ்சுகளை வைத்துச் சோதித்தபோது கதை மாறியது. அடிக்கடி காட்டினால் எந்த உருவத்துக்கும் பயம் தேய்ந்துபோனது. அபூர்வமாகக் காட்டியது எதுவோ அதற்குத்தான் மிரண்டன. உங்கள் குஞ்சுகளுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பறப்பன எல்லாவற்றுக்கும் பயந்தன, பிறகு பறப்பன எல்லாம் பழகிவிட்டது. எது காக்கை, எது பருந்து என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாயி வீட்டில் ஒரு தாய்க்கோழியைக் கீரி பிடித்துவிட்டது. எட்டுக் குஞ்சுகள். பஞ்சாரத்துக்குள் போட்டு நான்தான் காவல். வெளியே விட்டால் கொடியில் சேலை ஆடினாலும் விழுந்தடித்து ஓடும். கொக்கு ஒன்று கடந்து போனால் வெகுநேரம் இரைக்கே வராது. மூன்றாம் நாள் இருட்டியதும் அம்மாயி அவற்றை ஒவ்வொன்றாக, அதே வயதுக் குஞ்சுகளோடு இருந்த இன்னொரு பெட்டையின் இறக்கைக்குள் செருகிவிட்டாள். விடிந்தபோது அது வித்தியாசம் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. காக்கை பறக்கும், குஞ்சுகள் பம்மும். பெட்டை தலையைச் சாய்த்து ஒரே ஒரு கண்ணால் மேலே பார்க்கும். அப்புறம் மறுபடி குப்பையைக் கிளறும். அவ்வளவுதான், ஒவ்வொன்றாக வெளியே வரும். பருந்து வந்த அன்று மட்டும் இழுத்து ஒரு ‘கீ...ர்’. கிளுவை வேலிக்கடியில் எல்லாம் மாயம்.

எல்லோரும் அந்தக் ‘கீ...ர்’தான் பாடம் என்கிறார்கள். எனக்கோ குனிந்து கிளறியதுதான் பெரிய பாடமாகப் படுகிறது. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த செய்ஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980இல் எழுதியதைப் படித்தபோது அம்மாயியின் பெட்டைதான் நினைவுக்கு வந்தது. அக்குரங்குகளுக்குச் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. குட்டிகள் புறாவுக்கும் கழுகுக் குரல் கொடுக்கும், உதிரும் இலைக்கும் கொடுக்கும். ஆனால் இலையைப் பார்த்துப் பாம்புக் குரல் கொடுப்பதில்லை. வானத்திலிருந்து வருவது என்பதுவரை பிறப்பிலேயே ஏதோ இருக்கிறது. ரத்தத்துக்கு அந்த அளவு கொடுத்துவிடுகிறேன், போதுமா? அதில் புறாவைக் கழிப்பது, கொக்கைக் கழிப்பது, இலையைக் கழிப்பது எல்லாம் வளர வளர வருவது. குட்டி கத்தியதும் பெரிய குரங்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மறுபடி மேயும்போது, குட்டியின் பட்டியலிலிருந்து ஒரு பெயர் அடிபடுகிறது என்றே நினைக்கிறேன். உங்கள் இன்குபேட்டருக்கு அண்ணாந்து பார்க்கவும் தெரியாது, குனியவும் தெரியாது.

இன்னும் ரத்தம் என்றால், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பக்கம் போங்கள். 1995இல் அங்கே ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பல பத்தாண்டுகளாக ஓநாயையே பார்க்காத மூஸ் மான்கள் ஊளை கேட்டாலும் சட்டை செய்யவில்லை. கன்றைப் பறிகொடுத்த தாய்களோ அதன்பின் ஊளை கேட்டாலே விறைத்து நின்றன. ஜோயல் பெர்கரின் ஆய்வு, 2001. ஒரே தலைமுறைக்குள் நடந்தது. எந்த ரத்தம் மாறியது?

சரி, வலை. போடுங்கள், இன்றைக்கே. மிச்சமிருக்கும் 34ஐ இனி எந்தப் பெட்டையும் சேர்க்காது. அடுத்த ஈட்டில் பத்து முட்டையையாவது அடைக்கோழிக்கு வையுங்கள். கோழி கொஞ்சம் கிழடாக இருந்தால் நல்லது.